காருக்குக் கண்புரை!

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை வந்தால் என் மனைவிக்குக் கை நிற்காது. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை, மகளின் மூன்று சக்கர சைக்கிள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவாள். ஒரு வருஷம் ஈஸிசேரில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த எனக்கும் வைத்துவிட்டாள். எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வேலை செய்யற சாமானுக்குத்தானே பொட்டு வைக்கணும்?" என்று கேட்டேன்.

"அதான் ரொம்ப நேரம் யோசிச்சேன். போனாப் போகுதுன்னு வெச்சேன்" என்றாள்.

2024 ஆயுத பூஜையன்று அவள் கைவண்ணம் காரின் மேல் கொஞ்சம் தாராளமாகவே இறங்கிவிட்டது. பானெட்டில் ஒரு பெரிய பொட்டு. இரண்டு ஹெட்லைட்டிலும் விபூதியைக் குழைத்து மும்மூன்று பட்டை, நடுவே சந்தனம், அதன் நடுவே குங்குமம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, தெருமுனை வரை பக்திப் பரவசத்தோடு ஒரு ரவுண்டு போய்வந்து நிறுத்தினேன். எதிர் பிளாட்டு ரிடையர்டு தாசில்தார் பார்த்துவிட்டு, "கார் மாதிரியே தெரியலை சார், நாயன்மார் மாதிரி இருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பட்டையை அப்புறம் யாரும் துடைக்கவில்லை. சாமி சமாசாரம், நாமாக எதற்கு அழிக்க வேண்டும், மழையில் தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். சோம்பேறித்தனத்துக்கு பக்தியைப் போல சௌகரியமான போர்வை வேறு கிடையாது.

காரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வயசு பதினொன்று. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தீர்த்தது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன்; அவர்கள் கொடுக்கும்போது நன்றாகத்தான் கொடுத்தார்கள், பாவம். எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இடத்துக்குக் கூரை கிடையாது. பத்து மாசம் வெயில், இரண்டு மாசம் மழை. இரண்டையும் அது நின்ற இடத்திலேயே வாங்கிக்கொள்ளும். நான் வாங்கும்போது பளிச்சென்று இருந்த ஹெட்லைட் மூடி, வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி பழுப்பேறியிருந்தது. அதை நான் கவனித்தேன் என்று சொன்னால் பொய்.

டிசம்பர் 12, வியாழக்கிழமை. மறுநாள் திருக்கார்த்திகை. ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்று முடிவு. காரணம் தீபம் மட்டும் இல்லை. நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் மாவட்டத்தையே துவைத்துப் பிழிந்து போட்டிருந்தது. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. அந்த வாரம் போக முடியவில்லை. அம்மாவோடு போனில் பேசியதோடு சரி.

"மழையில கிளம்பாத கண்ணு. இங்க ஒண்ணும் இல்ல. முழங்கால் தண்ணிதான் வந்துச்சு, அதுவும் வடிஞ்சுபோச்சு. எல்லாம் நல்லா இருக்கு. தோட்டத்துப் பக்கம் சுவரு மட்டும்தான் இல்ல."

இதற்கு மேலும் கிளம்பாமல் இருக்க முடியுமா?

பன்னிரண்டாம் தேதி மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. மகளுக்கு மழை லீவு. மனைவி ஆபீஸில் அரை நாள் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு லீவு பிரச்னை இல்லை. எழுதுகிறவனுக்கு வருஷம் முழுக்க லீவுதான் என்பது என் மாமனாரின் தீர்மானமான அபிப்பிராயம்.

மழையில் நெடுந்தூரம் போகிறோமே என்று நான் செய்த முன்னேற்பாடுகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வைப்பருக்குப் புது பிளேடு. தண்ணீர் பீச்சும் டப்பாவில் ஷாம்பூ கலந்த தண்ணீர். முன்கண்ணாடியை உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை துடைத்து, முகம் தெரிகிறதா என்று பார்த்து, தலையையும் வாரிக்கொண்டேன். கையோடு ஒரு பொட்டலம் பீடித்தூள்கூட எடுத்து வைத்தேன். வைப்பர் மக்கர் செய்தால் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள் லாரி டிரைவர்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும். எவ்வளவு தொலைநோக்கு பாருங்கள்! அந்தத் தொலைநோக்கில் காரின் மூக்குக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு சாமான்கள் மட்டும் தட்டுப்படவே இல்லை.

பெருங்களத்தூரைத் தாண்டவே ஆறு மணி. செங்கல்பட்டுக்கு அப்புறம் மழை பலமாகிவிட்டது. பாலம் வேலை நடக்காத நெடுஞ்சாலை தமிழ்நாட்டில் உண்டா? அங்கங்கே டைவர்ஷன், அங்கங்கே செம்மண் சேறு. பக்கத்தில் ஒரு லாரி போனால் ஒரு அண்டா கரைசலை மூஞ்சியில் ஊற்றிவிட்டுப் போகும். ஒரு கணம் உலகமே சாக்லேட் கலரில் இருண்டுபோகும். வைப்பர் இரண்டு தடவை சலக் சலக் என்று ஆடியதும் பளிச்!

"புது பிளேடு" என்று மனைவி பக்கம் பெருமையாகத் திரும்பினேன்.

"ரோட்டைப் பாருங்க" என்றாள்.

அந்த ஒரு அண்டா கரைசலில் முன்கண்ணாடிக்கு வந்தது கொஞ்சம்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. ஹெட்லைட் இருப்பது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். முன்னால் போகும் வண்டியின் டயர் வாரி இறைப்பதற்கு நேர் எதிரே, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு யார் பிளேடு போட்டார்கள்?

திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினேன். மசால் வடை சுடச்சுட வந்தது. மகள் இரண்டு, நான் மூன்று (மனைவியிடம் சொன்னது இரண்டு). நின்ற பத்து நிமிஷத்தில் பேப்பரை நனைத்து முன்கண்ணாடியை மறுபடி துடைத்தேன். பின்கண்ணாடியையும் துடைத்தேன். பக்கத்துக் கண்ணாடி இரண்டையும் துடைத்தேன். நான் எதன் வழியாகப் பார்க்கிறேனோ அது எல்லாவற்றையும் துடைத்தேன். துடைத்த பேப்பரைச் சுருட்டி, ஹெட்லைட்டைத் தாண்டி நடந்துபோய், குப்பைக் கூடையில் போட்டேன். பாண்ட்டில் சேறு படாமல் இருக்க பம்ப்பரை விட்டு ஓரடி தள்ளியே நடந்தேன் என்பதுகூட இப்போது ஞாபகம் வருகிறது.

நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது, சார். அதுதான் வம்பு. முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு, பின்னால் வரும் லாரியின் வெளிச்சம், டோல்கேட்டில் பட்டப்பகல், பெட்ரோல் பங்க், ஓட்டல் போர்டு. எல்லாம் ஊரார் வெளிச்சம். அதில் நம் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து பஜனை பாடுகிறவன் தனக்கும் நல்ல குரல் என்று நினைத்துக்கொள்வது மாதிரி, நானும் என் ஹெட்லைட்டில்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சிறு ரோடு பிரியும். திரும்பினேன். பின்னால் வந்த லாரி நேராகப் போய்விட்டது.

அவ்வளவுதான். யாரோ போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிய மாதிரி ஆகிவிட்டது.

கரன்ட் இல்லை. நிலா இல்லை. வைப்பர் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த கண்ணாடி வழியாக இருட்டு மட்டும் மிகத் துல்லியமாகத் தெரிந்தது.

"ஏங்க, லைட் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேனே."

"அப்ப ஏன் எரியலை?"

"எரியுதே. அதோ பார்."

அதோ, கார் மூக்குக்கு முன்னால், பழைய சினிமாவில் தீக்குச்சி கிழித்த மாதிரி இரண்டு மஞ்சள் திட்டு. நனைந்த தார் ரோடு வேறு. காய்ந்த ரோடு சொரசொரப்பாக இருக்கும். விழுகிற வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறவிட்டு, அதில் கொஞ்சத்தை நம் கண்ணுக்கும் திருப்பி அனுப்பும். மழையில் அதன்மேல் தண்ணீர் படிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளிச்சத்தை அப்படியே முன்பக்கமாக வழுக்கி அனுப்பிவிடும். எதிரே வருகிறவனுக்குக் கூசும், நமக்கு ரோடு கறுப்பாகத்தான் தெரியும். ஹை பீம் போட்டேன். மழைத்துளிகளெல்லாம் வெள்ளி மணி மாதிரி மின்னின. ரோடு இன்னும் பின்னால் போய்விட்டது. மறுபடி லோ பீம்.

"அப்பா, கார் தூங்குதா?" என்றாள் பின்சீட்டிலிருந்து மகள்.

பழகின ரோடு. சின்ன வயசில் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் விட்ட ரோடு. அந்தத் திமிரில் நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன்.

என்ன பார்த்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் கெட்டியாக ஒரு இருட்டு. வலது கால் தானாகவே பிரேக்கில் ஏறியது. கார் நேராக நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், பானெட்டில் டப்பென்று ஏதோ தட்டி, நின்றது. மனைவி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கறுப்புக் குடை பானெட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது.

அப்பா.

கதவைத் திறந்துகொண்டு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவர் மேல் படவில்லை. காற்றுக்குச் சாய்த்துப் பிடித்திருந்த குடையில்தான் கார் பட்டிருக்கிறது. குடைக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம். அவருக்குப் பின்னால் ஐந்தாறு அடியில் மதகு. மதகின் இடது ஓரம் புயல் வெள்ளத்தில் அரித்துப் போய், ரோட்டில் பாதி காணோம். பிள்ளைக்கு அது தெரியாதே, இருட்டில் வருவானே என்று வழி காட்ட வந்து நின்றிருக்கிறார். அம்மாவின் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்ததால் எனக்குச் சொல்ல வழியில்லை. கையில் டார்ச். பாட்டரி வீணாகுமே என்று அணைத்து வைத்திருக்கிறார்.

"லைட்டு தெரிஞ்சதும் டார்ச் அடிக்கலாம்னுதான் நின்னேன்" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. "ரெண்டு பீடி நெருப்பாட்டம் என்னமோ தெரிஞ்சுது. எங்கியோ தூரத்துல வருதுன்னு நினைச்சேன். பார்த்தா மேல வந்து நிக்கிற."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. காரின் முன்பக்கம் போய், குனிந்து, ஹெட்லைட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை வழித்தார். கை நிறைய சேறு வந்தது. டார்ச்சை அடித்துத் தன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கம்பி உடைந்து ஒரு பக்கம் தொங்கிய குடையை எடுத்து மடக்கிக்கொண்டார்.

"வலது பக்கமா ஒடிச்சு வா. நான் முன்னால போறேன்."

மதகு தாண்டும் வரை டார்ச்சோடு அவர் நனைந்துகொண்டே நடக்க, நான் பின்னால் ஊர்ந்தேன்.

வீட்டில் அம்மா குடையைப் பார்த்துவிட்டு, "ஐயய்யோ, என்னா ஆச்சு இதுக்கு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"காத்துல திரும்பிக்கிச்சு. பழைய குடைதானே."

என் மனைவி அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம், "மாமா, தலையைத் துவட்டிக்குங்க" என்று துண்டு எடுக்க உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.காம். படித்த மூளை, கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு பதினோரு மீட்டர். என் காரைப் போல மூன்று கார்களை வரிசையாக நிறுத்தின நீளம். அரை நொடி தாமதம் என்றால் ஒன்றரைக் கார். குடைக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு முழம். எத்தனை தடவை போட்டாலும் விடை ஒன்றுதான். எழுந்து போய்த் திண்ணையில் பார்த்தேன். அப்பா நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். சின்ன வயசில் ஒரு தடவை நைட் டிரிப்பில் அவரோடு போயிருக்கிறேன். இன்ஜின் பெட்டி மேல் சூடாக உட்கார்ந்துகொண்டு போனது, கண்டக்டர் மாமா வாங்கிக் கொடுத்த பன், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. பஸ் நின்ற ஒவ்வொரு ஊரிலும் எல்லோரும் டீ குடிக்கப் போக, அப்பா மட்டும் ஒரு டப்பாவில் தண்ணீரும் கையில் ஈரத் துணியுமாக பஸ்ஸின் முன்னால் போய்க் குனிவார். "உங்கப்பா சாமிக்கு அபிஷேகம் பண்றாருடா" என்று கண்டக்டர் மாமா சிரிப்பார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்தக் காலத்து பஸ், லாரி ஹெட்லைட்டில் நடுவே வட்டமாகக் கறுப்பு மை பூசியிருக்கும். எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருப்பதற்காக. கொஞ்சத்தை மறைத்தாகிவிட்டது, மிச்சம் இருப்பதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

காலையில் எழுந்து வெளியே வந்தால் மழை விட்டிருந்தது. வாசலில் அம்மா பித்தளை விளக்குகளைப் பரப்பி வைத்து, புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். கார்த்திகை ஆயிற்றே. கொஞ்சம் தள்ளி என் காருக்கு முன்னால் அப்பா. பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர்.

ஓடிப்போய், "நான் துடைக்கிறேம்பா" என்று கையில் கிடைத்த பழைய துணியை எடுத்து ஹெட்லைட்டில் வைத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"மண்ணு மேல துணி போட்டா அதுக்குப் பேரு துடைக்கறது இல்லடா, தேய்க்கறது. கண்ணாடியா இருந்தா தாங்கும். இது பிளாஸ்டிக்கு. முதல்ல தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, ஐந்து சொம்பு. சேறு போனது. அதற்கு அடியில் ஈசல். எப்போதோ ஒரு மழை ராத்திரியில் வெளிச்சத்தைத் தேடி வந்து மோதி, பல்பின் சூட்டில் வறுபட்டு ஒட்டிக்கொண்டவை. நகத்தால் சுரண்டப் போனேன். அதற்கும் தட்டு. பழைய தினசரி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, ஹெட்லைட்டின் மேல் அப்பளம் மாதிரி ஒட்டிவிட்டார். "பத்து நிமிஷம் ஊறட்டும்." உரித்தபோது ஈசல்களெல்லாம் பேப்பரோடு சமர்த்தாக வந்துவிட்டன. அதற்கு அப்புறம்தான் துணி. அதுவும் நனைத்த பனியன் துணி. அதுவும் முதலில் வெறும் விரலால் தடவிப் பார்த்து, நெறுநெறுவென்று ஒரு மண்துகள்கூட இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்ட பிறகு.

எல்லாவற்றுக்கும் அடியில், கல்வெட்டு மாதிரி, விபூதிப் பட்டை! மூன்று கோடும் அப்படியே இருந்தன.

அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பொட்டு வெச்சது சரி. மறுநாள் கழுவுறது யாரு, சாமியா?" என்றார். என் மனைவி உள்ளே காபி போடுவதில் திடீரென்று மும்முரமாகிவிட்டாள்.

என் பங்குக்கு ஏதாவது விஷயஞானம் காட்ட வேண்டாமா? "வெளிநாட்டுல ஹெட்லைட்டுக்கே வைப்பர் வெச்சிருக்காங்கப்பா" என்றேன். நிஜம்தான். 1970-லேயே ஸ்வீடனில் சாப் கம்பெனி தன் காரின் ஹெட்லைட்டுக்குக் குட்டியாக ஒரு வைப்பர் வைத்தது. அங்கே பனியும் சகதியும் அப்பிக்கொள்ளும் அல்லவா? கண் இமை மாதிரி அது சிமிட்டிச் சிமிட்டித் துடைக்கும். பிற்பாடு கண்ணைப் பறிக்கும் ஸெனான் விளக்குகள் வந்தபோது, அந்த மாதிரி விளக்கு வைத்தால் கழுவுவதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் விதியே போட்டார்கள். அழுக்கு மூடிக்குப் பின்னால் பெரிய விளக்கை வைத்தால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் சிதறி, எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். இன்னொரு வேடிக்கை: பழைய ஹாலஜன் பல்பு சூட்டைக் கக்கும், பனி விழுந்தால் தானே உருகிவிடும். இப்போதைய எல்.இ.டி.யின் முகம் அவ்வளவு சூடாவதில்லை. குளிர் தேசங்களில் பனி அதன்மேல் அப்படியே உட்கார்ந்துகொள்கிறதாம். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்குச் சேறு போதும்.

இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"லைட்டுக்கு வைப்பரு எங்கிட்டயும் இருந்துச்சுடா, அப்பவே" என்று கையை விரித்துக் காட்டினார்.

சாயங்காலம் அம்மா வாசலில், திண்ணையில், மாடத்தில், இடிந்துபோன தோட்டத்துச் சுவர்மேல் என்று வரிசையாக அகல் ஏற்றினாள். இரண்டு மிச்சம் இருந்தது. யோசித்துவிட்டு, காருக்கு முன்னால் தரையில் ஹெட்லைட்டுக்கு ஒன்றாக வைத்துவிட்டு, "இதுவும் துலக்கின விளக்குதானே" என்றாள். குடை ரகசியம் அவளுக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

சென்னை திரும்பியதும் நேராக மெக்கானிக் பாயிடம் போனேன். அழுக்குப் போனாலும் பழுப்பு அப்படியேதான் இருந்தது. பாய் ஹெட்லைட்டை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"கேட்டராக்ட் சார்!"

அவர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. அம்பாசிடர், ஃபியட் காலத்தில் முன்னால் இருந்தது அசல் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மங்காது. இப்போதைய மூடி பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். லேசு, உடையாது, எந்த வடிவத்துக்கும் வளையும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் அதற்கு எமன். அதற்காகவே மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். வெயிலிலும், என் மாதிரி ஆசாமிகள் காய்ந்த துணியால் தேய்ப்பதிலும் அந்தப் பூச்சு போய்விட்டால், பிளாஸ்டிக் பழுத்துவிடும்.

"எனக்கு ஏன் பாய் தெரியவே இல்லை?"

"ஒரே நாள்ல ஆனாத்தானே சார் தெரியும்?"

சுரீரென்றது. கல்லூரியில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டு போவது ஒரு முறை; அதில் ஒரு நாள் பூஜ்யம் வந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு முறையில், மிச்சம் இருப்பதில் இத்தனை சதவிகிதம் என்று கழிப்பார்கள். காருக்கு இன்கம்டாக்ஸ்காரர்கள் பதினைந்து சதவிகிதம் கொடுக்கிறார்கள். அதில் பூஜ்யமே வராது. எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். போன வருஷத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. முதல் வருஷத்தோடு ஒப்பிட்டால்தான் பகீர் என்கும். அந்தப் பேப்பரில் நான் எழுபத்தெட்டு மார்க் வாங்கினவன். வாங்கி என்ன பிரயோஜனம்?

பற்பசை போட்டுத் தேய்த்தால் வெளுக்கும் என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்கிறார்களே என்றேன். "வெளுக்கும் சார். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. மிச்சம் இருக்கிற பூச்சும் அதுல போயிடும். அப்புறம் முன்னைவிட சீக்கிரம் பழுக்கும்" என்றார் பாய். புது எல்.இ.டி. பல்பு போட்டால்? "போட்டா எதிர்ல வர்றவன் உங்க குடும்பத்தையே திட்டுவான்." கடைசியில் தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால், முதலில் ஆயிரம் நம்பர், அப்புறம் இரண்டாயிரம், அப்புறம் மூவாயிரம் என்று தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்கும் பூச்சு ஒன்று அடித்துக் கொடுத்தார். முதலில் தேய்த்தபோது பால் மாதிரி வெளுத்துவிட்டது. போச்சுடா என்று நினைத்தேன். பாலிஷ் ஏற ஏற உள்ளே பல்பு, ரிஃப்ளெக்டர் எல்லாம் தெரிந்தது. அன்று ராத்திரி அபார்ட்மென்ட் மதில்மேல் லைட்டை அடித்துப் பார்த்தேன். எதிர் பிளாட்டு தாசில்தார் வீட்டு ஜன்னல் திறந்தது. அவசரமாக அணைத்தேன்.

2025 பொங்கலுக்கு மறுபடியும் ஊர்ப் பயணம். மழை இல்லை, தை மாசத்து மூடுபனி. விடியற்காலை கிளம்பினோம். மேல்மருவத்தூர் பக்கம் எதிரே வரும் பஸ்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. அதே திண்டிவனம் டீக்கடை. மனைவியும் மகளும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் டிக்கியிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் அப்பா கொடுத்த பனியன் துணியையும் எடுத்தேன். முதலில் தண்ணீர். பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். நெறுநெறுப்பு இல்லை. பிறகு ஈரத் துணி. வலது முடித்துவிட்டு இடதுக்கு வந்து குனிந்தேன்.

கடைப் பையன் டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"டிரைவர் அண்ணே, டீ. மேடம் உங்களுக்கும் சேத்து சொல்லிட்டாங்க. டிரைவருக்குக் காசு வேணாம்ணே, எங்க கடையில அப்படித்தான்."

நிமிர்ந்து உள்ளே பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டிரைவர், ரெண்டு லைட்டும் முடிஞ்சுதா? கிளம்பலாமா?" என்றாள்.

"இடது பக்கம் பாக்கி இருக்கும்மா" என்றேன்.